செவர்லே: பெயரும் பெயரற்றோரும்

மனிதர்க்குப் புகழ் சேர்வது போலப் பொருள்களுக்கும் புகழ் சேர்கின்றது. ஈவாரைச் சேர்வதே புகழ் என்று எண்ணியவர்கள் நம் முன்னோர். கொடுத்தவன் பெயர் நிற்கும் என்பது அவர்கள் கண்ட நீதி. சந்தை உலகை ஆளத் தொடங்கிய பின்னர் இந்த நீதி தலைகீழாயிற்று. கொடுத்தவன் பெயர் மறைகின்றது. விற்றவன் பெயர் நிற்கின்றது. ஒரு பேனாவின் பெயரை, ஒரு தையல் இயந்திரத்தின் பெயரை, ஒரு மோட்டார் வண்டியின் பெயரைச் சொன்னவுடன் எமது உள்ளத்தில் ஒருவகை மதிப்பு எழுகின்றது. அந்த மதிப்பை அங்கே வைத்தவர் யார், அதற்குரிய விலையைக் கொடுத்தவர் யார் என்ற வினாக்கள் மட்டும் எழுவதில்லை.

இவ்வினாக்களை ஒரு பெயரை முன்வைத்து ஆராய்ந்து பார்க்க விரும்புகின்றோம். அப்பெயர் செவர்லே. அமெரிக்க மோட்டார்ப் பெயர்களிலே போர்ட் என்ற பெயருக்கு இணையாக உலகெங்கும் பரவியது அது. கழுத்துப்பட்டி முடிச்சைப் போன்ற அதன் சின்னத்தை அறியாத நாடுகள் குறைவு. அமெரிக்க முதலாளித்துவத்தின் ஒரு நூற்றாண்டு எழுச்சியும் வீழ்ச்சியும் அந்த ஒரு பெயருக்குள்ளே அடங்கிக் கிடக்கின்றன. வரலாற்றை அரசர்களின் பட்டியலாகப் படித்து வளர்ந்த எமக்கு, ஒரு பொருளின் வரலாற்றை அதைச் செய்த மக்களின் வரலாறாகப் படிப்பது பயனுள்ள பயிற்சியாகும்.

முதலில் அந்தப் பெயருக்குரிய மனிதனைப் பார்ப்போம். ஏனெனில் செவர்லே என்பது உண்மையிலேயே ஒரு மனிதனின் பெயர். லூயி செவர்லே 1878 ஆம் ஆண்டு டிசம்பர் 25 ஆம் திகதி சுவிற்சர்லாந்தின் லா ஷோ-டி-பொன் என்னும் ஊரிற் பிறந்தான். மணிக்கூடுகளுக்குப் பெயர்போன ஊர் அது; தந்தையும் மணிக்கூட்டுத் தொழிலாளி. குடும்பம் பிழைப்புத் தேடிப் பிரான்சுக்குப் பெயர்ந்தது. அங்கே சைக்கிள் பழுதுபார்க்கும் கடையில் வேலை கற்றான். சைக்கிள் ஓட்டப் போட்டிகளிலும் வென்றான். 1900 ஆம் ஆண்டிற் கடல் கடந்து கனடாவுக்கும், பின்னர் நியூயோர்க்குக்கும் சென்றான். கையிலே தொழிலும் நெஞ்சிலே துணிவும் அன்றி வேறு முதல் இல்லாத குடியேறியவன் அவன். மோட்டார்ப் பந்தயங்கள் அவனுக்குப் பெயரைத் தந்தன. பியூயிக் வண்டிகளை அவன் பந்தயத்தில் ஓட்டியபோது, அந்தக் கம்பனியின் அதிபரான வில்லியம் டியூரன்ற் அவனைக் கவனித்தார்.

டியூரன்ற் வேறு வகை மனிதர். மிச்சிகன் மாநில ஆளுநராக இருந்த ஒருவரின் பேரன். பிளின்ற் நகரிற் குதிரை வண்டிகள் செய்து பெருஞ்செல்வரானவர். 1908 ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டோர்ஸ் என்னும் நிறுவனத்தை அமைத்து, கம்பனிகளை ஒன்றன்பின் ஒன்றாக விழுங்கினார். கடன் பெருகவே, 1910 ஆம் ஆண்டில் வங்கிக்காரர்கள் அவரை வெளியேற்றினர். இழந்த அரசை மீட்க ஒரு புதிய பெயர் அவருக்குத் தேவைப்பட்டது. பந்தயத் திடலில் மக்கள் ஆரவாரித்த பெயர் ஒன்று கையருகே இருந்தது. 1911 நவம்பர் 3 ஆம் திகதி டெற்றோயிற் நகரிற் செவர்லே மோட்டார்க் கம்பனி தோன்றியது.

லூயி ஆக்கிய முதல் வண்டி ஆறு உருளைகள் கொண்ட பெரிய வண்டி. விலை 2,150 டொலர். தன் பெயரைத் தாங்கும் வண்டி உயர்ந்த வேலைப்பாடுடையதாக இருக்கவேண்டும் என்பது அந்தக் கைவினைஞனின் ஆசை. டியூரன்ற்றுக்கோ மலிவான வண்டி வேண்டும், ஆயிரக்கணக்கில் விற்கவேண்டும். முரண்பாடு முற்றிய நிலையில், 1913 ஆம் ஆண்டளவில் லூயி விலகினான். தன் பங்குகளை விற்றான். பெயரை மட்டும் அவனால் எடுத்துச்செல்ல முடியவில்லை, அது கம்பனியின் சொத்தாகிவிட்டது. தாய் தந்தையர் இட்ட பெயரை ஒரு மனிதன் விற்றுவிட்டு வெளியே வருவது எத்தகைய நிலை என்று நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

அதன் பின் நடந்தவை இரண்டு திசைகளிற் செல்கின்றன. பெயர் ஏறுமுகம் கண்டது. 1915 ஆம் ஆண்டில் 490 டொலர் விலையுள்ள வண்டியொன்று வந்தது. விலையே வண்டியின் பெயருமாயிற்று. அந்த விற்பனையின் பலத்தால் டியூரன்ற் ஜெனரல் மோட்டோர்சை மீண்டும் கைப்பற்றினார். 1918 ஆம் ஆண்டிற் செவர்லே அந்தப் பெரு நிறுவனத்தின் ஓர் அங்கமாயிற்று. மனிதனோ இறங்குமுகம் கண்டான். பந்தய வண்டிகள் செய்தான். உடன்பிறந்த காஸ்தோன் 1920 ஆம் ஆண்டில் இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் வென்று, அதே ஆண்டில் வேறொரு பந்தயத்தில் மாண்டான். 1929 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில் லூயியின் எஞ்சியிருந்த தொழிலும் அழிந்தது. முப்பதுகளின் நடுவில், தன் பெயரை வாயிலிலே தாங்கிய தொழிற்சாலைக்குள் அவன் மெக்கானிக்காகக் கூலிக்குப் புகுந்தான். 1941 ஜூன் 6 ஆம் திகதி வறுமையிலேயே இறந்தான்.

டியூரன்ற்றும் தப்பவில்லை. 1920 ஆம் ஆண்டில் இரண்டாம் முறையும் வெளியேற்றப்பட்டார். 1936 ஆம் ஆண்டிற் கடனாளி என்று நீதிமன்றில் ஒப்புக்கொண்டார். தாம் வளர்த்த பிளின்ற் நகரிலேயே பந்துருட்டி விளையாடும் கூடமொன்றை நடத்தி, 1947 ஆம் ஆண்டிற் காலமானார். மூலதனம் தன்னைப் பெற்றவரையும் நினைவு வைத்திருப்பதில்லை என்பதற்கு இவ்விருவரும் சான்றாவர்.

தனிமனிதரின் சூதாட்டம் முடிந்தது. நிருவாகத்தின் ஆட்சி தொடங்கியது. 1923 ஆம் ஆண்டிலே தலைவரான அல்பிரட் ஸ்லோன், ஒவ்வொருவரின் மடிச்சீலைக்கும் ஏற்ற ஒரு வண்டி என்னும் கொள்கையை வகுத்தார். கீழ்ப்படியிற் செவர்லே, அதற்கு மேல் பொன்ரியாக், ஓல்ட்ஸ்மொபில், பியூயிக், உச்சியிற் காடிலாக். இது வண்டிகளின் பட்டியல் மட்டுமன்று, ஒரு சமுதாயத்தின் படிவரிசையுமாகும். சம்பளம் ஏறினால் வண்டியும் ஏறவேண்டும். அயலான் ஏறினால் தானும் ஏறவேண்டும். போர்ட் பல்லாண்டு ஒரே வடிவத்தில் விற்றுக்கொண்டிருக்க, ஸ்லோன் ஆண்டுதோறும் வடிவத்தை மாற்றினார். தவணைக்குக் கடன் கொடுத்தார். ஓடும் வண்டியை ஓடும்போதே பழையதாக்கும் வித்தை இது. 1927 ஆம் ஆண்டிற் செவர்லே விற்பனையிற் போர்டை முந்தியது.

ஆண்டுக்கு ஒரு புது வடிவம் என்பதன் மறுபக்கத்தை விளம்பரங்களில் நாம் காணமுடியாது. வடிவம் மாறும் பருவத்திலே தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் மூடப்பட்டன. தொழிலாளர் கூலியின்றி வீட்டில் இருந்தனர். திறக்கும்போது யாரை மீண்டும் எடுப்பது என்பது மேற்பார்வையாளரின் விருப்பம். பணிந்தவனுக்கு வேலை, வாய்திறந்தவனுக்கு வாசல். வேலை கிடைத்த மாதங்களிலோ பொருத்தும் வரிசை வெறிகொண்டு ஓடியது. வீட்டுக்கு வந்தபின் கரண்டியைப் பிடிக்க முடியாமற் கை நடுங்கிய தொழிலாளரின் வாக்குமூலங்களை அக்கால வரலாறுகளில் நிறையப் படிக்கின்றோம். வாங்குபவனின் ஆசையைத் தூண்டிய அதே ஏற்பாடுதான் செய்பவனின் அடுப்பை அணைத்தது.

எனவே, செவர்லே என்னும் பெயரின் உண்மையான வரலாறு பிளின்ற் நகரிலே தொடங்குகின்றது என்பது எமது துணிபு. பிளின்ற் ஆற்றங்கரையிலே, பள்ளத்தாக்குப் போன்ற நிலத்தில், செவர்லேயின் தொழிற்சாலைகள் இலக்கமிடப்பட்டு வரிசையாக நின்றன. ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் மக்கள் வாழ்ந்த அந்நகரில் உண்பதும் உடுப்பதும் ஜெனரல் மோட்டோர்சின் கூலியால். கம்பனிக்குத் தொழிலாளர் மத்தியில் ஒற்றர்கள் இருந்தனர். அமெரிக்க மேற்சபையின் குழுவொன்று பின்னர் விசாரித்தபோது, 1934 தொடக்கம் 1936 நடுப்பகுதி வரை மட்டும் துப்பறிவோருக்காக அந்த நிறுவனம் ஏறத்தாழப் பத்து இலட்சம் டொலர் செலவிட்டது வெளியாயிற்று. சங்கத்திற் சேர்ந்த செய்தி மாலையில் எழுந்தால், காலையில் வேலை போயிற்று. அருகில் நிற்பவன் தோழனா, ஒற்றனா என்று தெரியாத நிலையில் மனிதர் வாய்பேசாது உழைத்தனர்.

அந்த மௌனம் 1936 டிசம்பர் 30 ஆம் திகதி உடைந்தது. வண்டிக்கூடுகளைச் செய்யும் பிஷர் தொழிற்சாலைகளில் தொழிலாளர் வேலையை நிறுத்தினர், ஆனால் வெளியேறவில்லை. இயந்திரங்களுக்கு அருகிலேயே அமர்ந்துவிட்டனர். வெளியே நின்று மறியல் செய்பவனைப் பொலிசார் அடித்து விரட்டலாம், அவன் இடத்திற்கு வேறொருவனைக் கொண்டுவரலாம். உள்ளே இருப்பவனை அகற்றுவது எளிதன்று. கோடிக்கணக்கான பெறுமதியுள்ள இயந்திரங்கள் அவனருகே இருக்கின்றன. வண்டி இருக்கைகளே படுக்கைகளாயின. குழுக்கள் அமைத்தனர், துப்புரவுக்கு ஒன்று, காவலுக்கு ஒன்று, பாட்டுக்கும் கல்விக்கும் ஒன்று. மதுவைத் தடை செய்தனர். கம்பனியின் இயந்திரங்களுக்குச் சேதம் நேராமற் பார்த்துக்கொண்டனர். கட்டளைக்கு இயங்கும் கைகள் என்று எண்ணப்பட்டவர்கள், தம்மைத் தாமே ஆளத் தெரிந்தவர்கள் என்று காட்டினார்கள்.

உடனே சட்டம் வந்தது. 1937 ஜனவரி 2 ஆம் திகதி நீதிபதி எட்வேட் பிளாக் என்பவர் வெளியேற்றக் கட்டளை பிறப்பித்தார். அவரிடம் ஜெனரல் மோட்டோர்ஸ் பங்குகள் 3,365 இருந்தன என்பதைத் தொழிற்சங்கத்தினர் தேடிக் கண்டுபிடித்து வெளியிட்டனர். அவற்றின் பெறுமதி இரண்டு இலட்சம் டொலருக்கு மேல். நீதித்தராசின் ஒரு தட்டில் எது வைக்கப்பட்டிருந்தது என்பது நாடறிந்த செய்தியாயிற்று, கட்டளை செல்லாக்காசாயிற்று.

பின்னர் பொலிஸ் வந்தது. ஜனவரி 11 ஆம் திகதி, கடுங்குளிரில், தொழிற்சாலையின் வெப்பமூட்டி நிறுத்தப்பட்டது. உணவு கொண்டுசெல்வது தடுக்கப்பட்டது. கண்ணீர்ப்புகையுடன் பொலிசார் தாக்கினர். உள்ளிருந்தோர் தீயணைக்கும் குழாய்களால் நீரைப் பாய்ச்சினர். கதவுக் கீல்களை வீசினர். பொலிசார் துப்பாக்கியால் சுட்டனர், பலர் காயமுற்றனர். அந்த இரவில் ஒலிபெருக்கி வண்டியில் ஏறி, நகரத்துப் பெண்களை நோக்கிக் குரல் கொடுத்தவள் 23 வயதான ஜெனோரா ஜோன்சன் என்னும் தொழிலாளி மனைவி. அவள் அழைப்பைக் கேட்டுப் பெண்கள் பொலிஸ் அணியை ஊடறுத்து வந்து தொழிற்சாலை வாயிலில் நின்றார்கள். பெண்களின் முதுகிற் சுடுவதற்குப் பொலிசார் துணியவில்லை. இதன் பின்னரே சிவப்புத் தொப்பியும் சிவப்புக் கைப்பட்டியும் அணிந்த பெண்கள் அணி உருவாயிற்று.

செவர்லேயின் முறை பெப்ரவரி 1 ஆம் திகதி வந்தது. செவர்லே எஞ்சின்கள் எல்லாம் பொருத்தப்பட்ட இடம் நான்காம் இலக்கத் தொழிற்சாலை. அதுவே கம்பனியின் இருதயம். அதனைக் கைப்பற்றுவதற்குத் தலைவர்கள் செய்த சூழ்ச்சி நினைக்குந்தோறும் வியப்புத் தருவது. ஒன்பதாம் இலக்கத் தொழிற்சாலையைப் பிடிக்கப் போகின்றோம் என்று, ஒற்றர் இருப்பது தெரிந்தே, கூட்டத்திற் பேசினார்கள். ஒற்றர் தம் கடமையைச் செய்தனர். கம்பனியின் காவலர் ஒன்பதாம் இலக்கத்திற் குவிந்தனர். அங்கே அடியும் கண்ணீர்ப்புகையும் நடந்துகொண்டிருக்க, உள்ளே மூச்சுத் திணறியவர்களுக்குக் காற்று வரவேண்டுமென்று பெண்கள் தடிகளால் கண்ணாடிகளை உடைத்துக்கொண்டிருக்க, நான்காம் இலக்கத் தொழிற்சாலை சந்தடியின்றித் தொழிலாளர் வசமாயிற்று. ஒற்றருக்குக் கொட்டிய பணம் ஒருநாள் தொழிலாளருக்கும் உதவிற்று.

ஆளுநர் பிராங் மேர்பி தேசியக் காவற்படையை அனுப்பினார். ஆனால் அதனைக் கொண்டு தொழிலாளரை வெளியேற்ற மறுத்துவிட்டார். எஞ்சின் இன்றி வண்டி இல்லை. வண்டி இன்றி இலாபம் இல்லை. பெப்ரவரி 11 ஆம் திகதி, 44 நாட்களின் பின், உலகின் மிகப் பெரிய மோட்டார் நிறுவனம் ஐக்கிய மோட்டார்த் தொழிலாளர் சங்கத்தை ஏற்றுக்கொண்டு கையொப்பமிட்டது. ஒப்பந்தம் குறுகியது: 17 தொழிற்சாலைகளில், ஆறு மாதங்களுக்கு, சங்கம் தன் உறுப்பினருக்காகப் பேசலாம் என்பதே அதன் சாரம். ஆனால் அந்தச் சிறிய காகிதத்தில் மனிதரின் அச்சம் செத்துக்கிடந்தது. 30,000 ஆக இருந்த சங்க உறுப்பினர் தொகை ஓராண்டில் ஐந்து இலட்சத்தை எட்டியது.

இந்த வெற்றியின் குறைகளையும் மறைத்தல் தகாது. அக்காலத்திற் கறுப்பினத் தொழிலாளருக்கு வார்ப்பாலையின் அனலும் துடைப்பமுமே பெரும்பாலும் கிடைத்தன; பொருத்தும் வரிசை வெள்ளையர்க்கே உரியதாக இருந்தது. அவதூறு எழும் என்று பெண் தொழிலாளரை உள்ளிருப்பிற் சேரவிடாது வீட்டுக்கு அனுப்பினர். எந்த இயக்கமும் தன் காலத்தின் அழுக்கோடுதான் ஆற்றில் இறங்குகின்றது. ஆயினும் இறங்காமற் கரையில் நின்று அழுக்கைப் பழிப்பவர் பக்கம் நாம் நிற்கமாட்டோம்.

போருக்குப் பிந்திய ஆண்டுகள் செவர்லேயின் பொற்காலம். உவமையாகச் சொல்லவில்லை. 1954 நவம்பர் 23 ஆம் திகதி, ஜெனரல் மோட்டோர்சின் ஐந்து கோடியாவது வண்டி பிளின்ற்றில் வெளிவந்தது. பொன்னிறம் தீட்டி, நூற்றுக்கணக்கான பாகங்களுக்குப் பொன்முலாம் பூசிய செவர்லே அது. நகரம் விழாக் கொண்டாடியது. அடுத்த ஆண்டில், ஓராண்டில் நூறு கோடி டொலருக்கு மேல் இலாபம் ஈட்டிய முதல் அமெரிக்க நிறுவனம் என்ற பெயரையும் அக்கம்பனி பெற்றது. அதன் தலைவராக இருந்த சார்ள்ஸ் வில்சன், 1953 இல் பாதுகாப்பு அமைச்சராகு முன் நடந்த விசாரணையில், நாட்டுக்கு நல்லது கம்பனிக்கும் நல்லது, மறுதலையும் உண்மையே என்ற கருத்துப்படப் பேசினார். இறக்கை விரித்த பின்புறமும் வெள்ளி மின்னும் முகமும் கொண்ட ஐம்பதுகளின் செவர்லே அமெரிக்க வாழ்வின் திருவுருவமாயிற்று. தொழிலாளர் வீட்டு முற்றத்திலும் அது நின்றது. நிற்கச் செய்தது கம்பனியின் கருணையா, 44 நாட் குளிரா என்பதை மேலே கண்டோம்.

புகழ் உச்சிக்குப் போன காலத்திலேயே முதல் விரிசலும் விழுந்தது. 1960 ஆம் ஆண்டுக்குரிய வண்டியாகக் கோர்வேர் வெளிவந்தது. எஞ்சின் பின்புறத்தில், பின் சக்கரங்கள் ஊசலாடும் அச்சில். சடுதியாகத் திரும்பும்போது பின் சக்கரம் உட்புறம் மடிந்து வண்டி புரளலாம் என்ற முறைப்பாடு எழுந்தது. அதைக் குறைக்கக்கூடிய முன்புறச் சமநிலைத் தண்டு, முதல் ஆண்டுகளின் வண்டிகளில் இயல்பாகப் பொருத்தப்படவில்லை. மாறாக, முன் ரயர்களிற் காற்றைக் குறைத்தும் பின் ரயர்களிற் கூட்டியும் வைத்துக்கொள்ளும்படி கைநூலில் எழுதப்பட்டது. கம்பனி மீதப்படுத்திய பணத்துக்குரிய விழிப்பை ஓட்டுநர் தம் உயிரால் ஈடுசெய்ய வேண்டியிருந்தது.

லெபனானிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகனான றால்ப் நாடர் என்னும் இளம் வழக்கறிஞர் 1965 நவம்பரில் வெளியிட்ட நூலின் முதல் அத்தியாயம் கோர்வேரைப் பற்றியது. கம்பனி அதற்கு எவ்வாறு மறுமொழி கூறியது? முப்பது ஆண்டுகளுக்கு முன் பிளின்ற்றிற் செய்ததையே செய்தது. துப்பறிவோரை அமர்த்தி அவர் பின்னே அனுப்பியது; அவர் ஒழுக்கத்திற் குறை தேடியது. செய்தி வெளியாகி, 1966 மார்ச் 22 ஆம் திகதி கம்பனித் தலைவர் ஜேம்ஸ் றோச் மேற்சபைக் குழுவின் முன் மன்னிப்புக் கேட்டார். அவ்வாண்டு செப்டெம்பரில் அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. கோர்வேர் ஏனைய சமகால வண்டிகளிலும் அபாயமானதன்று என்று 1972 ஆம் ஆண்டில் அரச ஆய்வொன்று கூறியதையும் நேர்மையின் பொருட்டுச் சொல்லவேண்டும். ஆனால் அந்த ஆய்வைச் செய்யும் அதிகாரம் அரசுக்கு வந்ததே அந்தப் போராட்டத்தால் அன்றோ!

வேகம் மீண்டும் வெறியாயிற்று. ஒகையோ மாநிலத்தின் லோர்ட்ஸ்ரவுண் தொழிற்சாலையில் வேகா என்ற செவர்லே மணிக்கு நூறு வீதம் வெளிவந்தது. ஒரு தொழிலாளிக்கு ஒரு வேலைக்கு 36 விநாடி. 1972 ஆம் ஆண்டில் அங்குள்ள இளைஞர்கள் செய்த வேலைநிறுத்தம் கூலிக்காக அன்று, அந்த 36 விநாடிக்கு எதிராக. மனிதன் இயந்திரமாக மறுத்த நிகழ்ச்சியாக அது பேசப்பட்டது. வேகா துருப்பிடித்துப் பெயர் கெட்டது. அதே தொழிற்சாலை 2019 மார்ச் மாதத்தில், கடைசிச் செவர்லேயை அனுப்பிவிட்டு, மூடப்பட்டது.

2009 ஜூன் 1 ஆம் திகதி ஜெனரல் மோட்டோர்ஸ் நொடித்து நீதிமன்றை நாடியது. அரசு மக்கள் பணத்திலிருந்து ஏறத்தாழ 5,000 கோடி டொலர் கொடுத்துத் தூக்கி நிறுத்தியது. அதில் ஆயிரம் கோடிக்கும் அதிகமான தொகை திரும்பவில்லை. இங்கே எமது விடயத்துக்கு மிக வேண்டிய செய்தி ஒன்றுண்டு. செவர்லே என்ற பெயர் புதிய கம்பனிக்குச் சென்றது. பழைய கடன்களும் மூடிய தொழிற்சாலைகளும் அவற்றின் நச்சு நிலமும் பழைய கம்பனி என்னும் வெற்றுக்கூட்டில் விடப்பட்டன. 1913 இல் மனிதனைக் கழற்றிவிட்டுப் பெயரை வைத்துக்கொண்ட மூலதனம், 2009 இல் பொறுப்பைக் கழற்றிவிட்டுப் பெயரை வைத்துக்கொண்டது.

இதன் பொருள் விரைவில் விளங்கிற்று. செவர்லே கோபோல்ற் முதலிய வண்டிகளில் எஞ்சினை இயக்கும் திறப்புப் பொறி தளர்வாக இருந்தது. ஓட்டத்தில் அது நழுவினால் எஞ்சின் அணையும். மோதலில் உயிர்காக்கும் காற்றுப்பையும் விரியாது. குறையைக் கம்பனிப் பொறியியலாளர் சிலர் பல்லாண்டுகளாக அறிந்திருந்தனர். திருத்திய பாகத்தைப் பழைய இலக்கத்துடனேயே சேர்த்ததால், பின் வந்தோர் உண்மையைக் கண்டுபிடிக்கவும் தடையாயிற்று. 2014 ஆம் ஆண்டிலேதான் 26 இலட்சம் வண்டிகள் திருப்பி அழைக்கப்பட்டன. 124 மரணங்களுக்குக் கம்பனியின் நிதியம் நட்டஈடு வழங்கியது. அந்தப் பாகத்தின் விலை ஒரு டொலருக்கும் குறைவு என்று காங்கிரஸ் விசாரணையிற் கூறப்பட்டது. பழைய கம்பனியின் கடன் எம்மைச் சாராது என்று புதிய கம்பனி நீதிமன்றில் வாதாடியது.

அதே 2014 ஆம் ஆண்டு பிளின்ற் நகர் மீண்டும் உலகச் செய்தியாயிற்று. இடைக்காலத்தில் அந்த நகரைக் கம்பனி கைவிட்டிருந்தது. 1978 ஆம் ஆண்டளவில் 80,000 பேருக்கு அங்கே வேலை தந்த நிறுவனத்தில் இப்போது பத்தாயிரம் பேரும் இல்லை. ஆற்றங்கரைச் செவர்லே தொழிற்சாலைகள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. எஞ்சிய ஒரு இலட்சம் மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர், பலர் வறியவர். மக்கள் தெரிந்தெடுத்த மாநகர சபையை ஒதுக்கிவிட்டு, மாநில அரசு நியமித்த நிருவாகி ஆண்டார். செலவைக் குறைப்பதற்காக 2014 ஏப்ரிலில் நகரின் குடிநீர் பிளின்ற் ஆற்றுக்கு மாற்றப்பட்டது. குழாய்கள் அரிக்காதிருக்கச் செய்யவேண்டிய பரிகாரம் செய்யப்படவில்லை. நீர் நிறம் மாறிற்று, நாறிற்று. குழந்தைகளின் தோலிற் பருக்கள் தோன்றின. நீர் நல்லதே என்று அதிகாரிகள் கூறினர்.

அவ்வாண்டு அக்டோபரில், செவர்லே வண்டிகளுக்கு எஞ்சின் செய்யும் பிளின்ற் தொழிற்சாலை ஒரு முறைப்பாடு செய்தது. அந்த நீர் எஞ்சின் பாகங்களை அரிக்கின்றது. எமக்கு வேண்டாம் என்றது. தொழிற்சாலை உடனே வேறு நீருக்கு மாற அனுமதிக்கப்பட்டது. மனிதர்கள் இன்னும் ஓராண்டு அதனையே குடித்தார்கள். 2015 செப்டெம்பரில் மோனா ஹன்னா-அற்றிஷா என்னும் குழந்தை மருத்துவர், குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதை எடுத்துக்காட்டிய பின்பே நீர் மாற்றப்பட்டது. இரும்புக்கு ஆகாத நீர் குழந்தைக்கு ஆகும் என்று ஒரு நகரம் ஓராண்டு நடத்தப்பட்டது. இதற்கு மேல் விளக்கவுரை எழுத எமது பேனா கூசுகின்றது.

இவ்வளவும் சொன்ன பின், செவர்லே என்ற பெயரில் மதிக்கத்தக்கது எதுவுமே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஹவானா நகரின் வீதிகளில் ஐம்பதுகளின் செவர்லேகள் இன்றும் ஓடுகின்றன. 1959 ஆம் ஆண்டின் புரட்சிக்குப் பின் அமெரிக்கா விதித்த வர்த்தகத் தடையால் புதிய வண்டியும் உதிரிப்பாகமும் வராதொழிந்தன. கியூபாவின் மெக்கானிக்குகள் சோவியத் வண்டிகளின் பாகங்களைப் பொருத்தினர். இல்லாதவற்றைப் பட்டறையில் வார்த்தெடுத்தனர். ஆண்டுக்கொரு முறை பழையதாகவேண்டும் என்று விதிக்கப்பட்ட வண்டி அறுபது, எழுபது ஆண்டுகள் வாழ்ந்து காட்டியது.

எமது சிறுபராயத்தில் யாழ்ப்பாணத்து வீதியிலும் அத்தகைய லொறியொன்றைக் கண்டதுண்டு. வெங்காய மூடைகளை ஏற்றிக்கொண்டு முனகி வரும் அந்தச் செவர்லே லொறியை ஊரார் பெயர் சொல்லியே அழைப்பார்கள். அதன் மூடியைத் திறந்தால், கம்பனி செய்த பாகம் எது, எங்கள் சந்திப் பட்டறையில் அடித்துத் தட்டிய பாகம் எது என்று பிரித்தறிய முடியாது. லொறியின் புகழைப் பேசியவர்கள் அந்தப் பட்டறைக்காரரின் கையைப் பேசியதில்லை. அவர் பெயரை இன்று கேட்டால் எமக்கும் நினைவில்லை. ஊரிலே நடந்ததும் உலகிலே நடந்ததும் ஒன்றுதான்.

ஆகவே புகழ்பெற்ற எந்தப் பொருளின் முன்னும் மூன்று வினாக்களை எழுப்ப எமது மாணவர்களைப் பழக்குவோம். இந்தப் பெயர் யாருடையது? இதனுள் இருக்கும் உழைப்பு யாருடையது? இதனால் வந்த பயன் யாரைச் சேர்ந்தது? மூன்றுக்கும் விடை ஒன்றாக வரும் சமுதாயத்தில் அப்பொருளின் புகழ் நியாயமானது. மூன்றும் வெவ்வேறாக வருமிடத்தில் நாம் காண்பது களவுபோன புகழ்.

களவுபோனதை மீட்க நினைவு வேண்டும். 2023 செப்டெம்பர் 15 ஆம் திகதி அமெரிக்க மோட்டார்த் தொழிலாளர், ஜெனரல் மோட்டோர்ஸ் உட்பட மூன்று பெரு நிறுவனங்களுக்கு எதிராகப் போராட்டம் தொடங்கி, ஆறு வாரங்களின் பின் கணிசமான கூலி உயர்வைப் பெற்றனர். அந்தப் போராட்டத்துக்கு அவர்கள் இட்ட பெயர் 'எழுந்து நில்'. 1937 இல் அமர்ந்தவர்களின் நினைவாக இட்ட பெயர் அது. 86 ஆண்டுகள் கழிந்தும், குளிரில் வண்டி இருக்கைகளிற் படுத்திருந்தவர்களை அவர்களின் பேரர் மறக்கவில்லை. ஈந்தவரைச் சேர்வதே புகழ் என்ற பழைய நீதி, விளம்பரப் பலகைகளில் இல்லாவிடினும், உழைப்போரின் நினைவில் உயிரோடு இருக்கின்றது. அந்த நினைவைப் பாடநூலுக்குக் கொண்டுவருவது எமது பணி.